காய்ந்த கட்டையில் கிண்ணம் வேண்டாம், முதலில் ஒரு பிடி

ஒரகடம், வல்லம் வடகால், இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து டர்னர் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,



ஐ.டி.ஐ.யில் இரண்டு வருடம் டர்னர் படித்து, அப்ரண்டிஸ் முடித்து, இப்போது சி.என்.சி. கதவுக்கு வெளியே நின்று ஆஃப்செட் தட்டிக்கொண்டிருப்பவர்கள் நீங்கள். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து முதல் கார் வெளியே வந்ததிலிருந்து இந்த வட்டாரத்தில் இரும்பு கடைந்தவர்களின் எண்ணிக்கை ஒரு சிறு நகரத்துக்குச் சமம். உங்களில் சிலருக்கு மரம் கடைய ஆசை வந்திருக்கிறது. சந்தோஷம். இந்த மடல் அந்தச் சிலருக்கு.

கட்டை கைக்கு வந்த கதை ஆளுக்கு ஆள் வேறு. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சாய்த்த மரத்தின் துண்டு ஒருவர் வீட்டுக் கொல்லையில் கிடக்கிறது. சாலை அகலப்படுத்தும்போது வெட்டிய புளியை இன்னொருவர் விறகுக்கடையில் எடை போட்டு வாங்கி வைத்திருக்கிறார். ஊரில் தொழுவத்தைப் பிரித்தபோது வந்த பூவரசந் தூண் ஒருவருக்கு. எல்லாம் வருடக்கணக்கில் காய்ந்த வன்மரம். கேள்வியும் எல்லோருக்கும் ஒன்றுதான்: முதலில் என்ன கடையலாம்? கேட்கும்போதே மனதில் பதிலும் இருக்கிறது. கிண்ணம். போனில் ஓடுகிற வீடியோவில் தாடிக்காரர் ஒருவர் உருளைக் கட்டையை மாட்டி, ரிப்பன் ரிப்பனாகச் சுருள் பறக்க, கால் மணி நேரத்தில் பளபளவென்று ஒரு கிண்ணத்தை எடுத்துக் காட்டுகிறார் அல்லவா, அது.

கிண்ணம் வேண்டாம். அரத்துக்கு ஒரு பிடி கடையுங்கள்.

சப்பென்று இருக்கும் என்று தெரியும். காரணத்தைச் சொல்கிறேன். அந்த வீடியோவில் ரிப்பனாகப் பறப்பது பெரும்பாலும் பச்சை மரம். வெட்டி ஒரு வாரம்கூட ஆகாமல் உள்ளே தண்ணீர் ததும்பும் மரத்தில் உளி வழுக்கிக்கொண்டு போகும். உங்களிடம் இருப்பதோ பத்து வருடம் காய்ந்த புளி. அதில் சுருள் வராது, தூள்தான் வரும். உளி முனையைக் கல்லில் தீட்டிவிட்டு வந்து இரண்டு நிமிடம் பிடித்தால் மறுபடி கல்லுக்குப் போக வேண்டும். இதைவிடப் பெரிய சிக்கல் நாரின் போக்கு. கிண்ணத்துக்குக் கட்டையைக் குறுக்காக மாட்டுவோம். அப்போது ஒவ்வொரு சுற்றிலும் உளி இரண்டு முறை நாரின் வெட்டுமுனையை எதிர்கொள்கிறது, இரண்டு முறை நாரின் பக்கவாட்டை. இன்டரப்டட் கட் எடுத்து டிப் உடைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வித்தியாசம் ஒன்றுதான்: அங்கே டூல் போஸ்ட் அந்த அடியை வாங்கியது, இங்கே உங்கள் மணிக்கட்டு வாங்கும்.

பிடி, பூரிக்கட்டை, பம்பரம் போன்றவற்றில் நார் லேத்தின் அச்சோடு இணையாக ஓடுகிறது. இரண்டு சென்டருக்கு நடுவே கட்டை இறுக்கமாக நிற்கிறது. உளி எங்கே பட்டாலும் ஒரே மாதிரி நார். கை பழக அதுதான் இடம்.

உங்கள் தொழில் அறிவு பாதி உதவும், பாதி குறுக்கே நிற்கும். குறுக்கே நிற்பதை முதலில் சொல்கிறேன். எச்.எஸ்.எஸ். டூலில் மைல்ட் ஸ்டீல் கடைய நிமிடத்துக்கு சுமார் 30 மீட்டர் வேகம் என்று படித்தீர்கள். 50 மி.மீ. விட்டத்துக்கு அது 190 ஆர்.பி.எம். அதே 50 மி.மீ. மரத்தை, உருண்டையான பிறகு, 2000-ல் ஓட்டுவார்கள். மேற்பரப்பு நிமிடத்துக்கு 300 மீட்டருக்கு மேல் ஓடுகிறது, அதாவது பத்து மடங்கு. இரும்புக்காரர் கை பழக்கத்தில் வேகத்தைக் குறைத்துவிட்டு, மரம் பிய்கிறதே என்று உளியைக் குறை சொல்வார். ஆனால் சதுரக் கட்டையை மாட்டியதும் 2000 போகக் கூடாது. மூலை போய் உருண்டை ஆகும்வரை 700, 800 போதும். விட்டம் ஏற ஏற வேகம் இறங்கும் என்ற கணக்கு மட்டும் இரண்டுக்கும் பொது. 150 மி.மீ. கட்டை 600-ல் ஓடினாலே ஏறத்தாழ அதே வேகம் வந்துவிடும்.

அடுத்தது டூல் போஸ்ட். மர லேத்தில் கேரியேஜ் கிடையாது, கிராஸ் ஸ்லைடு கிடையாது. ஒரு தாங்கி இருக்கும். அதன் மேல் உளியைச் சாய்த்து, உளியின் முதுகை மரத்தில் தேய்க்கவிட்டு, பிடியை மெல்லத் தூக்கினால் முனை இறங்கிச் சீவ ஆரம்பிக்கும். தீட்டிய முகம் மரத்தின் மேல் படிந்து சவாரி செய்ய வேண்டும். முனையை நேரே குத்தினால் கடித்து இழுத்துவிடும். இதை எழுத்தில் படித்து வராது. பத்துக் கட்டை வீணானால் தானே வரும். அதற்காகத்தான் முதல் பத்துக் கட்டையும் பிடி அளவில் இருக்கட்டும் என்கிறேன். கிண்ணத்துக்கு உரிய பெரிய துண்டைக் கற்றுக்கொள்ளும் செலவில் எழுதினால் மனசு கேட்காது.

சரி, கட்டைக்கு வருவோம். காய்ந்த உருளைக் கட்டை என்று நீங்கள் நினைப்பது உண்மையில் காய்ந்ததா? பலகையாக அறுத்து அடுக்கினால் ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்று தச்சர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். பட்டையோடு கிடக்கும் எட்டு அங்குல உருளைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. ஈரம் பெரும்பாலும் இரண்டு முனை வழியாகத்தான் வெளியேறும், பட்டை வழியே வெகு குறைவு. மூன்று வருடம் வெளியே கிடந்த கட்டையை நடுவில் அறுத்தால் உள்ளே இன்னும் குளிர்ச்சியாக இருக்கும். சோதிக்க ஒரு சமையலறைத் தராசு போதும். கட்டையிலிருந்து பிடிக்கு வேண்டிய அளவில் துண்டுகளைப் பிளந்து, ஒவ்வொன்றிலும் எண் எழுதி, வாரம் ஒரு முறை எடை பார்த்துக் குறியுங்கள். எடை இறங்குவது நின்றால் அந்தத் துண்டு நம் ஊர்க் காற்றோடு சமநிலைக்கு வந்துவிட்டது என்று பொருள். ரன் சார்ட் போட்டுப் பழகிய உங்களுக்கு இது விளையாட்டு.

கட்டையின் முனையைப் பாருங்கள். நடுப்புள்ளியிலிருந்து வெளியே கதிர்போல் வெடிப்பு ஓடியிருக்கும். மரம் காயும்போது வளையத்தின் சுற்றுப்போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. நீளவாக்கில் சுருக்கம் கணக்கில் கொள்ளத் தேவையில்லாத அளவு. சுற்றளவு அதிகம் குறுகப் பார்க்கிறது, நடு விடவில்லை, வெடிக்கிறது. ஆகவே நடுப்புள்ளி உள்ளே இருக்கும் எந்தத் துண்டும் நம்பத் தகாதது. முனையிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் வெட்டித் தள்ளிக்கொண்டே வாருங்கள், மயிரிழை வெடிப்பும் மறையும்வரை. பிறகு இருக்கும் பெரிய வெடிப்பிலேயே ஆப்பை வைத்து அடித்து இரண்டாகப் பிளந்துவிடுங்கள். ரம்பத்தைவிட ஆப்பு நல்லது. ரம்பம் நாரைப் பற்றிக் கவலைப்படாமல் நேர்கோட்டில் போகும், ஆப்பு நாரோடு போகும். ஆப்பில் பிளந்த துண்டில் கடைந்த பிடி லேசில் முறியாது. எட்டு அங்குலக் கட்டையின் ஒரு பாதியில், நடுவைச் சீவி எறிந்த பிறகும், நாலைந்து பிடிக்கும் ஒரு பூரிக்கட்டைக்கும் மரம் கிடைக்கும். கிண்ணம் கடைந்தால் ஒன்று. அதுவும் வெடிப்புக்குத் தப்பினால்.

ஒவ்வொரு துண்டையும் இன்னொரு துண்டால் தட்டிக் கேளுங்கள். கணீரென்றால் சரி. மந்தமாக ஒலித்தால் உள்ளே வெடிப்போ உளுப்போ இருக்கிறது. சின்ன மயிரிழை வெடிப்பில் ஃபெவிக்விக் ஊற்றித் தப்பிக்கலாம். நகம் நுழையும் வெடிப்புள்ள துண்டு அடுப்புக்கு. இதில் தாட்சண்யம் கூடாது, 2000 ஆர்.பி.எம்.-ல் பிளக்கும் மரம் நேராக முகத்துக்குத்தான் வரும்.

சாலையோர மரமாக இருந்தால் ஒரு காந்தத்தையும் எடுத்துப் போங்கள். டியூஷன் சென்டர், ரியல் எஸ்டேட், மூலம் பவுத்திரம் என்று நம் ஊரில் ஆணி அடிக்காத சாலை மரம் உண்டா? மரம் வளர்ந்து அந்த ஆணியை விழுங்கியிருக்கும். சாமில்காரர் சாலை மரம் என்றாலே முகம் சுளிப்பதற்கு இதுதான் காரணம். கருவேலம்போலத் துவர்ப்பு மிகுந்த மரத்தில் ஆணி இருந்த இடம் நீலக்கறுப்பாகக் கறை படிந்திருக்கும், கண்ணாலேயே தெரியும்.

இனி எந்த மரம். இந்தப் பக்கத்தில் கிடைப்பதை வைத்தே பேசுகிறேன்.

புளி வைரம் பாய்ந்தால் கல். இறைச்சிக் கடையில் வெட்டுக்கட்டையாக நிற்பது அதுதான். பிடிக்கு அருமை, கைக்கும் உளிக்கும் தண்டனை. முதல் வாரம் புளி வேண்டாம். பூவரசு எடுங்கள். நெருக்கமான நார், நல்ல பழுப்பு, உளிக்கு இணக்கம். ஹவாய்த் தீவுக்காரர்கள் இதே மரத்தில் உணவுக் கிண்ணங்கள் செய்து வந்தார்கள், உணவில் வாடை ஏறாது என்பதால். வேம்பு பரவாயில்லை. ஆனால் நார் இடமும் வலமுமாகப் பின்னிக் கிடக்கும், ஒரு பக்கம் வழவழப்பாக வந்து மறுபக்கம் பிய்யும். வாகையில் தூசி தும்மலைக் கிளப்பும், முகக்கவசம் இல்லாமல் தொடாதீர்கள்.

சீமைக் கருவேலத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். வேரோடு அகற்றச் சொல்லி உயர்நீதிமன்றமே உத்தரவிட்ட மரம். ஏரிக்கரையெல்லாம் அதுதான், கரி மூட்டத்துக்குப் போகிறது. இதன் நெருங்கிய உறவான மெஸ்கீட் மரத்தை அமெரிக்காவின் டெக்சாஸ், அரிசோனா பக்கத்துக் கடைசல்காரர்கள் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். வன்மரங்களில் காய்ந்தால் மிகக் குறைவாகச் சுருங்கும் இனங்களில் ஒன்று அது. நம் ஊரில் பெரிய தண்டு கிடைப்பது அரிது, கோணல் அதிகம். ஆனால் பிடிக்கு வேண்டியது ஒரு சாண் நீளம், இரண்டு விரல் கனம். விறகுக் கட்டில் நேராக இருக்கும் நாலு துண்டைப் பொறுக்கினால் போதும். கரியாகப் போகிற விலைக்கு முதல்தரப் பிடி மரம் இந்த மாவட்டம் முழுக்கக் கிடைக்கிறது, யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். முள்ளை மட்டும் முன்கூட்டியே கழித்துவிடுங்கள்.

தொடக் கூடாதவை இரண்டு வகை. நெடுஞ்சாலை நடுவே பூத்துக் கிடக்கும் அரளி, அப்புறம் எட்டி. இரண்டும் நஞ்சு, தூசியும் வேண்டாம், பொருளும் வேண்டாம். சந்தனம், செஞ்சந்தனம், ஈட்டி சட்டத்தோடு பிணைந்தவை. யாராவது மலிவாகத் தருகிறேன் என்றால் நடையைக் கட்டுங்கள். சாலையில் விழுந்து கிடப்பதும் அரசுத் துறையின் ஏலத்துக்கு உரியது. கடையில் காசு கொடுத்து, ரசீதோடு வாங்குவதே நிம்மதி.

கம்பெனிக் குப்பையில் கிடக்கும் பேலட்டைக் கேட்பீர்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பேலட்டில் கோதுமைக் கதிர் முத்திரையோடு எச்.டி. அல்லது எம்.பி. என்று எழுத்து இருக்கும். எச்.டி. என்றால் உள்மரம் 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றியது. எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு புகையிட்டது, அது வேண்டவே வேண்டாம். எச்.டி.யும் பெரும்பாலும் பைன், மென்மரம், உடம்பெல்லாம் ஆணி. அலமாரி அடிக்கலாம். கடைசலுக்கு ஆகாது.

அரப்பிடிக்கு வருவோம். பிடி இல்லாத அரத்தின் வால் உள்ளங்கையில் ஏறினால் என்ன ஆகும் என்று எந்த ஃபிட்டரும் சொல்வார். பத்து அங்குல அரத்துக்கு 110 முதல் 120 மி.மீ. நீளம், தடித்த இடத்தில் 30 மி.மீ. முனையில் ஒரு பூண் வேண்டும். ஏ.சி. மெக்கானிக்கிடம் செம்புக் குழாய்த் துண்டு கேட்டால் கிடைக்கும். அதில் 15 மி.மீ. வெட்டி, ஓரத்தைத் தேய்த்துக்கொள்ளுங்கள். மரத்தில் பூண் உட்காரும் இடத்தை வெர்னியர் வைத்துக் கடையலாம், உங்கள் இரும்பு அறிவு முழுக்க வேலை செய்யும் ஒரே இடம் இதுதான். குழாயின் உள்விட்டத்தைவிடக் கொஞ்சம் தடிமனாக விட்டு, தட்டி இறக்குங்கள். மற்ற வளைவுக்கு வெர்னியரை மேசையில் வைத்துவிடுங்கள். லேத்தை நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டு, அரம் பிடிப்பதுபோல் பிடித்துப் பாருங்கள். எங்கே குத்துகிறதோ அங்கே எடுங்கள். கட்டைவிரல் உட்காரும் மேடு, உள்ளங்கையில் அழுந்தும் உருண்டை என்று ஒரு பிடிக்குள் குவிவு, குழிவு, தோள், முனை உருட்டு எல்லாம் வந்துவிடுகின்றன. மரக்கடைசலின் அடிப்படை வெட்டுகள் அத்தனையும் அதற்குள் அடக்கம். கெட்டாலும் போவது ஒரு விறகுத் துண்டு.

பிடிகள் கைவந்த பிறகு பூரிக்கட்டை. பார்க்க எளிது. ஒரு முழ நீளத்துக்கு ஒரே சீரான உருளை எடுப்பது எவ்வளவு சிரமம் என்று கடையும்போதுதான் தெரியும். நடுவில் கட்டை அதிரும், உளி தாளம் போடும், மேற்பரப்பில் சுருள் கோடு விழும். இடக்கை விரல்களால் பின்பக்கம் தாங்கிக்கொண்டே வலக்கையால் உளியை ஓட்டப் பழக வேண்டும். ஸ்டெடி ரெஸ்ட் வேலையை விரல் செய்கிறது. வீட்டில் இருப்பவர்கள் இதை ஒரு நாள் தேய்த்தாலே தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். நடு தடித்திருந்தால் சப்பாத்தி ஓரம் கனக்கும்.

அதற்குப் பிறகு பம்பரம். கொய்யாவில் செய்யுங்கள், கனமும் நாரும் சீராக இருக்கும். பம்பரம் ஒரு தராசு. ஆணி அச்சிலிருந்து தப்பினாலோ, ஒரு பக்கம் வைரமும் மறுபக்கம் வெள்ளையுமாக மரம் இருந்தாலோ, சுழற்றிவிட்டதும் ஆடிக் காட்டிக்கொடுத்துவிடும். டயல் கேஜ் வேண்டியதில்லை. சரியாக வந்தால் அது நின்ற இடத்தில் தூங்கும். டெயில்ஸ்டாக் சென்டர் விட்ட புள்ளியிலேயே சின்ன டிரில்லால் துளையிட்டு ஆணி இறக்குங்கள், அளந்து குறி வைக்காதீர்கள்.

குங்குமச் சிமிழைப் பற்றி எச்சரிக்க வேண்டும். டர்னர்களுக்கு அதில்தான் ஆசை ஓடும், மூடியும் கிண்ணியும் கச்சிதமாகப் பொருந்த வேண்டுமே. 50 மி.மீ. துளைக்கு எச்7 என்றால் 25 மைக்ரான். இரும்பில் பத்து டிகிரி வெப்பம் ஏறினாலும் 50 மி.மீ.க்கு 6 மைக்ரான்தான் விரியும். மரத்தின் கணக்கு வேறு. அக்னி நட்சத்திரத்தில் கடைந்த சிமிழ் கார்த்திகை மழைக்குள் நாலு சதவீதம் ஈரம் ஏற்றிக்கொண்டால், பல வன்மரங்களில் சுற்றுப்போக்கில் அரை மில்லிமீட்டர் விரிந்துவிடும். அதாவது உங்கள் டாலரன்ஸைப்போல 20 மடங்கு. மறுதிசையில் அதில் பாதி. ஆகவே வட்டமாகக் கடைந்தது நீள்வட்டமாகிவிடும். மே மாதம் வழுக்கிக்கொண்டு திறந்த மூடி நவம்பரில் அசையாது. சிமிழ் செய்யலாம். முதலில் உள்ளே குடைந்து, தடிமனாக விட்டு, சில வாரம் காயவிட்டு, பிறகு இறுதி அளவு. மூடியைத் தளர்வாக விடுங்கள். தளர்வாக விட மனம் ஒப்புகிறவரை சிமிழ் பக்கம் போகாதீர்கள்.

காய்ந்த மரத்துக்காகவே காத்திருக்கும் கடைசல்காரர்கள் நம் ஊரில் உண்டு. கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடையில் இருக்கும் நரசிங்கம்பேட்டையில் நாகஸ்வரம் கடைகிறார்கள். 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. உலவு எனப்படும் குழலுக்கு ஆச்சா மரம். அதுவும் புதிதாக வெட்டியது கூடாது. பழைய வீடுகளை இடிக்கும்போது வரும், தலைமுறைகள் கண்ட ஆச்சா உத்தரத்தைத் தேடி வாங்கி வருகிறார்கள். இரண்டரை அடி நீளத்துக்குக் கூம்பாகத் துளை. அந்தத் துளை கோணினால் சுருதி கெடும். வீட்டுக் கூரையைத் தாங்கிக்கொண்டே அத்தனை காலம் காய்ந்த மரத்தில் இனி அசைவதற்கு மிச்சம் ஏதும் பெரிதாக இல்லை, அதுதான் அந்தத் தேடலின் காரணம். நாகஸ்வர வித்வான் டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்காக அந்த ஊர் ரங்கநாதன் ஆசாரி 1950-களில் நீளம் கூட்டிச் சுருதி இறக்கிய பாரி நாகஸ்வரத்தை உருவாக்கினார். இதுவும் ஒரு புராடக்ட் டெவலப்மென்ட்தான், கஸ்டமர் ராஜரத்தினம் பிள்ளை. எவ்வளவு நெருக்கடி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மெருகு போடும் விதத்தை அம்பாசமுத்திரத்தில் பார்க்கலாம். மரச்செப்பு கடையும் ஊர். ஒரு காலத்தில் ஒருவர் கயிற்றை மாற்றி மாற்றி இழுக்க மற்றவர் உளி பிடிப்பார், இப்போது மோட்டார். பாரம்பரியமாக மஞ்சள் கடம்பில் குட்டிக் குட்டிச் சட்டி, அடுப்பு, அம்மி எல்லாம் கடைந்து, சுழலும்போதே அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உராய்வுச் சூட்டில் அரக்கு உருகி நிறமாகப் படியும். கர்நாடகத்தின் சென்னபட்டணத்திலும், ஆந்திரத்தின் ஏட்டிகொப்பாகாவிலும் இதே முறைதான், அங்கே வெட்பாலை மரம். சென்னபட்டணத்தில் தாழை ஓலையால் தேய்த்து மினுக்குவார்கள். உங்கள் அரப்பிடிக்கு இதெல்லாம் வேண்டாம். அதே சுழற்சியில் ஒரு கைப்பிடி மரச்சுருளை எடுத்து அழுத்தித் தேய்த்தாலே பளபளப்பு வரும். பூரிக்கட்டைக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் பூசலாம். தேங்காய் எண்ணெய் காயாது, சிக்கு வாடை அடிக்கும்.

லேத் வாங்க அவசரப்படாதீர்கள். கம்பெனி லேத்தில் ரகசியமாக மரம் மாட்டும் யோசனை வந்தால் அதையும் விடுங்கள். மரத்தூள் ஸ்லைடு எண்ணெயில் கலந்து குழம்பாகி, பாதையைத் தின்னும், உங்கள் பெயரும் கெடும். வாடகை அறையிலும் முடியாது. நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு மூன்று பேர் தூங்குகிற அறையில் லேத் ஓட்டினால் நட்பு மிஞ்சாது. கட்டில் கால், மாடிப்படிக் கைப்பிடித் தூண் கடையும் பட்டறை ஊருக்கு ஒன்றாவது இருக்கும். ஞாயிற்றுக்கிழமை போய், மாஸ்டரிடம் பவ்யமாகக் கேளுங்கள். முதல் நாள் கூட்டிப் பெருக்கச் சொல்வார், பெருக்குங்கள். ஐந்து பேர் சேர்ந்து போனால் அடித்துத் துரத்துவார், இருவராகப் போங்கள்.

கையுறை கூடாது, தொங்கும் சட்டைக் கையும் துப்பட்டாவும் கூடாது, கூந்தல் கட்டியிருக்க வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே ரத்தத்தில் ஊறியது. மரத்துக்குக் கூடுதலாக இரண்டு. கண்ணாடி போதாது, முழு முகத்தடுப்பு வேண்டும். தூசியை அலட்சியம் செய்யாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே மரத்தூசியைப் புற்றுநோய் உண்டாக்குபவை பட்டியலில் சேர்த்துவிட்டது. காய்ந்த வன்மரத்தின் தூள் மிக நுண்ணியது. என்-95 கவசம் போட்டுக்கொண்டே உப்புத்தாள் தேயுங்கள்.

கிண்ண ஆசை தீர வழி உண்டு, ஆனால் கொல்லையில் காயும் அந்தக் கட்டையில் அல்ல. ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்தப் பக்கம் எங்காவது ஒரு தனியார் மனையில் தூங்குமூஞ்சி மரம் சாயும். சுருக்கம் குறைவான மரம் அது. பச்சையாகவே கிண்ணம் கடைய உலகெங்கும் விரும்பப்படுவது. உரிமையாளரிடம் பேசி, அதே வாரத்தில் ஒரு துண்டு வாங்குங்கள். விட்டத்தின் அளவுக்கு நீளம் வைத்து அறுத்து, நடுப்புள்ளி வழியே இரண்டாகப் பிளந்து, அன்றைக்கே கடைய முடியாவிட்டால் வெட்டுமுனையில் பழைய பெயின்ட்டை அப்பி நிழலில் போடுங்கள். 200 மி.மீ. கிண்ணத்துக்கு 20 மி.மீ. சுவர் விட்டு முரட்டுருவம் எடுத்து, அடியில் தேதியும் எடையும் எழுதி, காகிதப் பையில் போட்டு மூடி வையுங்கள். எடை நின்ற பிறகு, கோணிப்போன அதை மறுபடி மாட்டி இறுதி வெட்டு. சித்திரைக்குள் ஆகிவிடும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற டூல் ரூம் டர்னர் ஒருவன்